மலையகத்துக் குளிரில் கறுப்பு-வெள்ளை பிலிம் டெவலப்பரை வீட்டிலேயே கலக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் அலுமாரியில் கிடந்த பழைய பிலிம் கமராவைத் தூசு தட்டி எடுத்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். டெவலப்பர் என்பது எடுத்த பிலிமில் படத்தை வரவைக்கும் மருந்து. கொழும்பிலும் சென்னையிலும் இருப்பவர்கள் சொல்லும் முறை பல இடத்தில் நமக்கு அப்படியே ஒத்துவராது. அவர்களுக்கு வெக்கை பிரச்சினை, நமக்குக் குளிர். அதை மனதில் வைத்தே பதில் சொல்கிறேன்.

கடையில் வாங்கலாமே, ஏன் நாமே கலக்க வேண்டும்?

கிடைத்தால் வாங்குங்கள், தப்பே இல்லை. ஆனால் 2022 நெருக்கடிக்குப் பிறகு வெளியிலிருந்து வரும் எதுவும் விலையேறித்தான் வருகிறது. பிலிமுக்கே காசு கரையும்போது டெவலப்பரிலாவது மிச்சம் பிடிக்கலாம். கணக்கைப் பாருங்கள். கீழே சொல்லும் டி-23 என்ற டெவலப்பர் ஒரு லீட்டருக்கு, மெட்டோல் என்ற ரசாயனம் 7.5 கிராம் போதும். 100 கிராம் மெட்டோல் வாங்கினால் 13 லீட்டர் கலக்கலாம். அதைத் தண்ணீரோடு சரிபாதியாக்கிப் பாவித்தால் ஒரு 35 மிமீ ரோலுக்கு 150 மில்லிலீட்டர் செலவு. ஆக, ஒரு சின்னப் போத்தல் மெட்டோல் எண்பது ரோலுக்கு மேல் தாங்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. வாங்கும் பைக்கட்டை ஒரே தடவையில் முழுதாகக் கலக்க வேண்டும், கலக்கியது சில மாதத்தில் கெட்டுவிடும். தனித்தனி ரசாயனம் காய்ந்த போத்தலில் வருடக்கணக்கில் இருக்கும். மாதம் ஒரு ரோல் எடுப்பவருக்கு அதுதான் வசதி.

இது நம் மலைக்குப் புதிதும் இல்லை. ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற பெயர்பெற்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879இல் டிக்கோயாவில் இறந்தார், பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் கல்லறை இருக்கிறது. அவர் காலத்தில் கண்ணாடித் தட்டுக்கு மருந்து பூசுவதிலிருந்து டெவலப்பர் வரை எல்லாவற்றையும் புகைப்படக்காரரேதான் கலக்கியாக வேண்டும்.

முதலில் எதைக் கலக்குவது?

டி-23. கோடக் நிறுவனம் 1944இல் வெளியிட்ட ஃபோர்முலா. இரண்டே சாமான்:

50 பாகைத் தண்ணீர் 750 மில்லிலீட்டர்
மெட்டோல் 7.5 கிராம்
சோடியம் சல்பைற்று, நீரற்றது, 100 கிராம்
பச்சைத் தண்ணீர் சேர்த்து மொத்தம் 1 லீட்டர்

மெட்டோல்தான் வேலைக்காரன். ஒளி பட்ட வெள்ளி உப்பைக் கறுப்பு வெள்ளியாக மாற்றுவது அதன் வேலை. சல்பைற்று மூன்று வேலை பார்க்கிறது. காற்றில் உள்ள ஒட்சிசன் மெட்டோலைத் தின்றுவிடாமல் காக்கிறது, கரைசலைக் கொஞ்சம் காரமாக்குகிறது, வெள்ளித் துணிக்கைகளின் ஓரத்தை மெல்லக் கரைத்து படம் மணல்மணலாகத் தெரிவதைக் குறைக்கிறது. இரண்டு சாமானில் இவ்வளவும் நடப்பதால் பிழை விட இடமே குறைவு. பிரகாசமான வானமும் இருண்ட தேயிலைச் செடியும் ஒரே படத்தில் வந்தால் இரண்டையும் சமாளிக்கும் மென்மை இதற்கு உண்டு. மூடுபனிக்கு மட்டும் கொஞ்சம் சப்பென்று இருக்கும். அன்றைக்கு ஒன்றிரண்டு நிமிடம் கூட வையுங்கள்.

எல்லோரும் டி-76 என்கிறார்களே?

1927இலிருந்து பாவனையில் இருக்கும் ஃபோர்முலா அது, எவ்வளவு நேரம் டெவலப் செய்வது என்று சொல்லும் அட்டவணைகளில் பாதி அதை வைத்துத்தான் போடப்பட்டிருக்கின்றன. இல்ஃபோர்ட் ஐடி-11 என்று விற்பதும் ஏறக்குறைய இதேதான்:

50 பாகைத் தண்ணீர் 750 மில்லிலீட்டர்
மெட்டோல் 2 கிராம்
சோடியம் சல்பைற்று, நீரற்றது, 100 கிராம்
ஐதரோகுயினோன் 5 கிராம்
வெங்காரம் 2 கிராம்
தண்ணீர் சேர்த்து மொத்தம் 1 லீட்டர்

நல்ல டெவலப்பர்தான். நம் ஊரில் அதை இரண்டாவதாக வைப்பதற்குக் காரணம் ஐதரோகுயினோன். இதில் இருக்கும் மெட்டோல் 2 கிராம்தான். அது களைத்துப்போகும்போதெல்லாம் ஐதரோகுயினோன்தான் அதை மீண்டும் வேலைக்குத் தயாராக்குகிறது. இந்தக் கூட்டு நடப்பதால்தான் சின்ன அளவு மெட்டோலில் காரியம் முடிகிறது. ஆனால் ஐதரோகுயினோன் குளிருக்குச் சரிப்படாத ஆள். 12, 13 பாகைக்குக் கீழே போனால் ஏறக்குறைய வேலையே செய்யாது. 16 பாகையிலேயே மந்தமாகிவிடும். மெட்டோலும் குளிரில் மெதுவாகும்தான், ஆனாலும் ஒரு ஒழுங்கோடு மெதுவாகும். நேரத்தைக் கூட்டிச் சரிக்கட்டலாம். ஐதரோகுயினோன் கலந்ததில் அந்தக் கணக்குப் பிழைக்கும், ஏனென்றால் குளிரக் குளிர அது வேறொரு டெவலப்பராகவே மாறிக்கொண்டிருக்கிறது.

தை மாதம் நுவரெலியாவில் துகள் உறைபனி விழுந்து கொழுந்து கருகுகிற நாளில், விடியற்காலை பைப்பில் வரும் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் குளிரில் டி-76ஐ வைத்துக்கொண்டு "அட்டவணைப்படிதான் செய்தேன், நெகட்டிவ் ஏன் மெலிந்து கிடக்கிறது?" என்று கேட்பவர்கள் அதிகம். கண்டி, மாத்தளைப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர்கள் டி-76இலேயே தொடங்கலாம்.

எதை முதலில் போடுவது என்பதில் இவ்வளவு கண்டிப்பு ஏன்?

சல்பைற்று அடர்த்தியாகக் கரைந்த தண்ணீரில் மெட்டோல் கரையாது. வெள்ளையாகத் திரண்டு மிதக்கும், எவ்வளவு கலக்கினாலும் போகாது. அதனால் மெட்டோல் முதலில். ஆனால் வெறும் தண்ணீரில் மெட்டோலைப் போட்டால் கரையும்போதே காற்றுப் பட்டுப் பழுப்பாகத் தொடங்கும். அதற்குத்தான் ஒரு சிட்டிகை சல்பைற்றை முன்னால் போடுவது. அந்த 100 கிராமில் இருந்தே இரண்டு விரலால் கிள்ளிப் போட்டால் போதும். அப்புறம் மெட்டோல் முழுவதையும் போட்டு, ஒரு துணுக்கும் தெரியாமல் கரையும் வரை கலக்குங்கள். அதன் பிறகு மீதிச் சல்பைற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் அடியில் கல்லாக இறுகிவிடும், அதை உடைப்பதற்கே கால் மணித்தியாலம் போகும். டி-76 என்றால் அடுத்தது ஐதரோகுயினோன், கடைசியில் வெங்காரம்.

அடித்துக் கலக்க வேண்டாம். நுரை வந்தால் காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். பிளாஸ்டிக் கரண்டியால் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டிருங்கள்.

50 பாகைத் தண்ணீருக்கு என்ன செய்வது? காய்ச்சல் பார்க்கும் தெர்மோமீட்டர் போதுமா?

போதாது. டிஜிட்டல் காய்ச்சல்மானி 32 பாகைக்குக் கீழே ஒன்றும் காட்டாது, நமக்கு 16 முதல் 50 வரை வேண்டும். சமையலுக்கு விற்கும் கூர் முனை டிஜிட்டல் தெர்மோமீட்டர் ஒன்று வாங்குங்கள். இந்த வேலையில் கஞ்சத்தனம் காட்டக்கூடாத ஒரே பொருள் அது.

தெர்மோமீட்டர் வந்து சேரும்வரை ஒரு குறுக்குவழி உண்டு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். கேத்தலில் கொதித்த தண்ணீர் பாதி, 15 பாகைக் குளிர்ந்த தண்ணீர் பாதி சேர்த்தால் 54, 55 வரும். ஜக்கில் ஊற்றி இரண்டு நிமிடம் விட்டால் 50க்கு இறங்கும். கண்டியில் இதே பாதிக்குப் பாதி 60ஐத் தாண்டிவிடும், அங்கே பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

கலக்கி முடிந்ததும் சூட்டோடு பாவிக்க வேண்டாம். ஒரு இரவு வைத்து ஆறவிடுங்கள்.

பீலித் தண்ணீரில் கலக்கலாமா?

தாராளமாக. கடினப் பாறைக்குள்ளிருந்து வரும் நம் ஊற்றுத் தண்ணீர் மென்னீர், சுண்ணாம்பு மிகக் குறைவு. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் கலக்குபவர்களுக்குத்தான் சுண்ணாம்பு வெள்ளையாகப் படியும் தொல்லை. நமக்கு இருக்கிற ஒரே கரைச்சல் மழைக்குப் பின் வரும் கலங்கல். கொதிக்க வைத்து, ஒரு இரவு தெளியவிட்டு, வேட்டித் துணியை நாலாக மடித்து வடித்தெடுங்கள். கொதிக்க வைப்பதால் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றும் வெளியேறும், டெவலப்பரின் ஆயுளுக்கு அது நல்லது.

எந்தத் தராசு வேண்டும்?

0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு. நகைக்கடைக்காரர்கள் பாவிப்பது போன்றது, விலை அதிகமில்லை. மெட்டோலை அதில் நிறுங்கள், சல்பைற்றைச் சமையல் தராசில் நிறுத்தாலும் போதும். மெட்டோல் 7.5க்குப் பதில் 7.6 ஆனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஒவ்வொரு முறையும் அதே மாதிரி நிறுப்பதுதான் முக்கியம். கரண்டிக் கணக்கு வேண்டாம். ஈரம் குடித்த சல்பைற்றும் காய்ந்த சல்பைற்றும் ஒரே கரண்டியில் ஒரே எடை வராது.

சாமான் எங்கே கிடைக்கும்?

பள்ளிக்கூட ஆய்வுகூடங்களுக்கு ரசாயனம் கொடுக்கும் கடைகளில் கேளுங்கள். கொழும்பு புறக்கோட்டைக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் பட்டியலை எழுதிக் கொடுத்துவிடலாம். வெங்காரம் தட்டாரிடம் இருக்கும். ஹைப்போ என்ற சோடியம் தயோசல்பேற்று வண்ணமீன் கடையில், தண்ணீரின் குளோரீனை எடுக்கும் மருந்தாகக் கிடைக்கும். மெட்டோல்தான் தேட வேண்டிய பொருள். பழைய ஸ்டூடியோக்களில் விசாரித்துப் பாருங்கள், சில இடங்களில் மூடி திறக்காத போத்தல் கிடக்கும். வெள்ளையாகவோ இலேசான சாம்பலாகவோ இருந்தால் நல்லது. கடும் பழுப்பு என்றால் விட்டுவிடுங்கள்.

சல்பைற்று வாங்கும்போது போத்தலின் மேலே எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டி வாசியுங்கள். சல்பேற்று வேறு, சல்பைட்டு வேறு, பைசல்பைற்று வேறு. சல்பேற்றைப் போட்டால் டெவலப்பருக்குப் பாதுகாப்பும் இல்லை, காரமும் இல்லை. சல்பைட்டு என்றால் வீடே கூழ்முட்டை நாறும், அந்த வாயு நஞ்சும்கூட.

கோப்பியில் பிலிம் கழுவலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 1995இல் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஒரு வகுப்பில் செய்து பார்த்ததிலிருந்து பரவியது, பெயர் கெஃபெனோல். வேலை செய்வது கெஃபீன் இல்லை. கோப்பியில் உள்ள கெஃபிக் அமிலம் போன்ற பீனோல் வகைச் சேர்மங்கள். ஒரு லீட்டருக்கு:

சலவைச் சோடா, நீரற்றது, 54 கிராம்
விற்றமின் சி தூள் 16 கிராம்
உடனடிக் கோப்பித் தூள் 40 கிராம்

இந்த வரிசையிலேயே போடுங்கள். சோடா முழுதாகக் கரைந்த பிறகு விற்றமின் சி, அது நுரைத்து அடங்கியதும் கோப்பி. ஐந்து நிமிடம் வைத்துக் குமிழ் போனதும் பாவியுங்கள். 20 பாகையில் 15 நிமிடம். 400 வேகப் (ISO 400) பிலிம் என்றால் பிலிம் முழுதும் சாம்பலாகப் புகைமூட்டம் விழாமலிருக்க 1 கிராம் பொட்டாசியம் புரோமைட்டும் சேர்க்க வேண்டும். கோப்பியில் மலிவானதே மேல், வாசனைக்காக விலை கொடுத்து வாங்கியது இங்கே வீண். கலக்கிய ஒரு மணித்தியாலத்துக்குள் பாவித்துக் கொட்டிவிட வேண்டும். நாற்றத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஈரச் சாக்கும் எரிந்த புல்லும் சேர்ந்த மாதிரி. வீட்டில் மற்றவர்கள் சாப்பிடும் நேரத்தில் வேண்டாம்.

நீரற்ற சலவைச் சோடா கிடைக்காவிட்டால் அப்பச்சோடாவிலிருந்து எடுக்கலாம். 90 கிராம் அப்பச்சோடாவைக் காய்ந்த இரும்புத் தாச்சியில் நடுத்தரத் தீயில் வறுங்கள். கொஞ்ச நேரத்தில் மாவு தண்ணீர் மாதிரி அலையடிக்கும், ஆங்காங்கே சின்னச் சின்ன எரிமலையாகப் பொங்கும். காபனீரொட்சைட்டும் நீராவியும் வெளியேறுவதுதான் அது. கிளறக் கிளறப் பொங்குவது நின்று, தூள் கரண்டியில் மணல் மாதிரிக் கனமாக விழத் தொடங்கினால் சரி. 56 கிராமளவு மிஞ்சும். அலுமினியச் சட்டி வேண்டாம், சோடா அதை அரிக்கும். கண்ணாடிப் பளிங்கு போன்ற கட்டிச் சலவைச் சோடாவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட தண்ணீர்தான். அதைப் பாவிப்பதானால் 54 கிராமுக்குப் பதில் 146 கிராம் போட வேண்டும்.

தேயிலை நாட்டில் இருந்துகொண்டு கோப்பி எதற்கு? தேயிலையில் முடியாதா?

இந்தக் கேள்வி வராத நாளில்லை. முடியும். தேயிலையிலும் பீனோல் வகைச் சேர்மங்கள் உண்டு, சோடாவும் விற்றமின் சியும் சேர்த்தால் படம் வரும். ஆனால் கறுப்புத் தேயிலையைத் தொழிற்சாலையில் நொதிக்கவிடும்போதே அந்தச் சேர்மங்களில் பெரும்பங்கு ஒட்சியேறிவிடுகிறது. நமக்கு வேண்டிய பலத்தைச் சாயத்துக்கும் நிறத்துக்கும் செலவழித்துவிட்ட தூள் அது. அதனால் பச்சைத் தேயிலை கொஞ்சம் மேல். எதுவானாலும் நேரம் அதிகம் பிடிக்கும், பிலிமில் பழுப்புக் கறை ஏறும். ஆசைக்கு ஒரு தடவை செய்து பாருங்கள், கலியாண வீட்டில் எடுத்த ரோலை அதில் போட்டுவிடாதீர்கள்.

கோப்பிக்கும் இங்கே உரிமை இல்லாமல் இல்லை. கேமரன் வந்த காலத்தில் இந்த மலையெல்லாம் கோப்பிதான். 1869இல் வந்து பிடித்த இலைத்துரு நோய்தான் மெல்ல மெல்லத் தேயிலைக்கு வழிவிட்டது.

பனடோல் குளிசையில் டெவலப்பர் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் முதல் வேலையாக வேண்டாம். 1891இல் காப்புரிமை பெற்ற ரோடினல் என்ற டெவலப்பரின் வேலைக்காரன் பாரா-அமினோபீனோல். பரசிற்றமோலைக் கோஸ்டிக் சோடாவில் போட்டால் அது உடைந்து அதே பொருள் வரும். 250 மில்லிலீட்டருக்கு, 500 மில்லிகிராம் குளிசை 30, சல்பைற்று 50 கிராம், கோஸ்டிக் சோடா 20 கிராம். மூன்று நாள் வைத்துத் தெளிந்ததைப் பாவிக்க வேண்டும். ஒரு பங்குக்கு 50 பங்கு தண்ணீர், அதாவது பிலிமைப் போட்டுக் கழுவும் 300 மில்லிலீட்டர் டாங்குக்கு 6 மில்லிலீட்டர். மாதக்கணக்கில் கெடாது, அதுதான் இதன் பெரிய நன்மை. மணல் கூடுதலாகத் தெரியும்.

பிரச்சினை கோஸ்டிக் சோடாதான். குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சோடாவைப் போட வேண்டும். சோடாமேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போகும். கண்ணாடி, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கரைக்கும்போது சூடு ஏறும் என்பதால் மெல்லிய போத்தலில் கலக்காதீர்கள்.

குளிர் நாளில் நேரத்தை எப்படிக் கணக்குப் போடுவது?

முதலில் குளிரைத் தவிர்க்கப் பாருங்கள். பேசினில் 21 பாகைத் தண்ணீர் நிரப்பி, டெவலப்பர் போத்தலையும் பிலிம் போட்ட டாங்கையும் அதில் அரை மணித்தியாலம் நிறுத்திவையுங்கள். கழுவும்போதும் டாங்க் அந்தப் பேசினிலேயே இருக்கட்டும். கவிழ்க்க வேண்டிய நேரத்தில் மட்டும் எடுங்கள். 14 பாகை அறையில் மேசைமேல் வைத்தால், 20இல் தொடங்கியது முடியும்போது 18க்கு வந்திருக்கும். அட்டவணை சரியாக இருந்தும் நெகட்டிவ் மெலிவது அதனால்தான்.

தவிர்க்கவே முடியாவிட்டால் டி-23க்கு இந்தக் கணக்கு ஓடும்: 20 பாகையில் 10 நிமிடம் என்றால் 18இல் 12, 16இல் 14, கண்டி வெயிலில் 24 என்றால் 7. 16க்குக் கீழே கணக்குப் போட வேண்டாம், கேத்தலை வையுங்கள்.

தொடக்க நேரம் வேண்டும் என்றால், தண்ணீர் சேர்க்காத டி-23இல் 400 வேகப் பிலிமுக்கு 20 பாகையில் 8 நிமிடத்தில் தொடங்குங்கள். சரிபாதித் தண்ணீர் சேர்த்தால் 12. முதல் அரை நிமிடம் தொடர்ந்து கவிழ்த்து நிமிர்த்துங்கள், பிறகு நிமிடத்துக்கு நாலு தரம். நெகட்டிவின் நிழல் பகுதியில் விவரமே இல்லையென்றால் அது படம் எடுத்தபோது வெளிச்சம் போதாததன் குறை, டெவலப்பரைத் திட்ட வேண்டாம். வானம் கட்டிக் கறுப்பாக இருந்தால் நேரத்தைக் குறையுங்கள்.

கலக்கியது சரியா என்று பிலிமைப் பணயம் வைக்காமல் பார்க்க முடியுமா?

பிலிமின் நாக்கை, அதாவது கமராவில் கொளுவும் முனையை, ஒரு அங்குலம் வெட்டி வெளிச்சத்திலேயே டெவலப்பருக்குள் போடுங்கள். சில நிமிடத்தில் கறுத்துவிட்டால் டெவலப்பர் உயிரோடு இருக்கிறது. சாம்பலோடு நின்றுவிட்டால் கொட்டுங்கள். ஒவ்வொரு முறையும் இதைச் செய்யாமல் ரோலைத் தொட வேண்டாம்.

ஸ்டொப் பாத், ஃபிக்ஸர்?

டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டொப் பாத் இந்த வேலைக்கு வேண்டாம், இரண்டு தரம் தண்ணீர் மாற்றிக் கழுவினால் போதும். பிலிமில் மிஞ்சிய வெள்ளி உப்பைக் கரைத்தெடுக்கும் ஃபிக்ஸருக்கு ஹைப்போ 250 கிராம், சல்பைற்று 15 கிராம், தண்ணீரோடு 1 லீட்டர். ஹைப்போ கரையும்போது தண்ணீரைச் சில்லென்று குளிரவைக்கும், அதனால் நல்ல சுடுதண்ணீரில் தொடங்குங்கள். வினாகிரியை ஸ்டொப் பாத்தாகப் பாவித்தால் இடையில் நன்றாகக் கழுவுங்கள். அமிலம் பட்டால் வெறும் ஹைப்போவில் கந்தகம் வெள்ளையாகப் பிரிந்துவிடும்.

எவ்வளவு நேரம் என்பதற்கும் பிலிம் நாக்குத்தான் அளவுகோல், ஆனால் டெவலப்பரில் போடாத இன்னொரு துண்டு. ஃபிக்ஸரில் போட்டால் பால்நிறம் போய்த் தெளிய எத்தனை நிமிடமோ, அதன் இரண்டு மடங்கு.

எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

விளிம்புவரை நிரம்பிய போத்தலில் டி-23 ஆறு மாதம். பாதி காலியான போத்தலில் அதில் பாதியும் நம்ப முடியாது. ஒரு லீட்டரை நாலு சின்னப் போத்தலில் பிரித்து ஊற்றுங்கள். பாவித்ததைத் திரும்பப் போத்தலில் ஊற்றாதீர்கள். தூள் சாமானை நம் ஈரக் காற்றில் கடதாசிப் பையில் வைத்தால் இரண்டு மழைக் காலத்தில் கட்டியாகிவிடும். இறுக மூடும் போத்தலில் போட்டு, அடுப்படியிலிருந்து தள்ளி வையுங்கள்.

லயத்துக் காம்பராவில் இருட்டறைக்கு எங்கே போவது?

இருட்டறை தேவையில்லை. பிலிமை டாங்குக்குள் சுற்றும் அந்தச் சில நிமிடத்துக்குத்தான் இருட்டு வேண்டும், அதற்குக் கை நுழைக்கும் கறுப்புப் பை விற்கிறார்கள். இரவில் ஜன்னல் அடைத்து, தடித்த கம்பளிக்குள் கையை விட்டுச் சுற்றுபவர்களும் உண்டு. டாங்குக்குள் பிலிமைச் சுற்றும் ரீல் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும், கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பிலிம் பாதியில் சிக்கும். மூடுபனி நாளில் முதல்நாளே ரீலை அடுப்புத் திட்டில் வைத்துக் காயவிடுங்கள். கழுவிய பிலிமை மட்டும் அடுப்பு இருக்கும் அறையில் தொங்கவிடாதீர்கள், விறகுப் புகையும் கரித்தூசியும் ஈரப் பிலிமில் ஒட்டினால் அதோடு சரி.

உடம்புக்குக் கெடுதலா?

கவனமாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. மெட்டோல் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் தரும், ஒருமுறை ஒவ்வாமை பிடித்தால் பிறகு கொஞ்சம் பட்டாலே வரும். அதனால் ஆரம்பத்திலிருந்தே கையுறை போடுங்கள். தூள் நிறுக்கும்போது முகக்கவசமும் வேண்டும், மின்விசிறி போடக்கூடாது. சமையல் பாத்திரத்தைப் பாவித்தால் அதைச் சமையலுக்குத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சோடாப் போத்தலிலும் பழரசப் போத்தலிலும் ஊற்றி வைக்காதீர்கள். டி-23 பார்க்கத் தண்ணீர்தான். ஒரே காம்பராவில் பிள்ளைகளும் இருக்கிற வீட்டில், தாகத்தோடு ஓடிவரும் பிள்ளை மூடியைத் திறந்துவிடும். மருந்துப் போத்தலில் ஊற்றி, பெயரும் திகதியும் எழுதி ஒட்டி, பூட்டி வையுங்கள்.

பாவித்ததை எங்கே கொட்டுவது?

பாவித்த டெவலப்பர் ஒரு டாங்க் அளவை நிறையத் தண்ணீர் கலந்து கழிவுக் குழியில் ஊற்றலாம். ஓடையில் வேண்டாம், நமக்குக் கீழே இருக்கும் லயத்துக்கு அதுதான் குடிதண்ணீர். ஃபிக்ஸர் வேறு கதை. அதில் கரைந்த வெள்ளி இருக்கிறது, மீனுக்கும் தண்ணீர்ப் பூச்சிக்கும் அது நஞ்சு. ஒரு வாளியில் சேர்த்து, சவர்க்காரம் இல்லாத இரும்புக் கம்பளியைப் போட்டு ஒரு வாரம் விடுங்கள். இரும்பு கரைய, வெள்ளி கறுப்புச் சேறாக அடியில் படியும். அந்தச் சேற்றைச் சேர்த்து வைத்தால் வெள்ளி உருக்குபவர்கள் வாங்குவார்கள், ஆனால் நாலைந்து ரோலுக்குப் பணக்காரராகிவிட முடியாது.

இதே டெவலப்பரில் போட்டோ பேப்பர் கழுவலாமா?

பிலிம் டெவலப்பரில் பேப்பர் மந்தமாக, சாம்பலாக வரும். பேப்பருக்கு டி-72: மெட்டோல் 3 கிராம், சல்பைற்று 45, ஐதரோகுயினோன் 12, நீரற்ற சலவைச் சோடா 68, பொட்டாசியம் புரோமைட்டு 2, மொத்தம் 1 லீட்டர். ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்து 20 பாகையில் ஒன்றரை நிமிடம். இதில் ஐதரோகுயினோன்தான் பெரும்பங்கு என்பதால் குளிரின் கெடுபிடி இன்னும் அதிகம், அகலமான தட்டில் சூடும் சீக்கிரம் இறங்கிவிடும். பெரிய தட்டு ஒன்றில் சுடுதண்ணீர் ஊற்றி அதற்குள் டெவலப்பர் தட்டை வையுங்கள், மூன்று நாலு பிரிண்டுக்கு ஒருமுறை அந்தத் தண்ணீரை மாற்றுங்கள்.